சபையில எதுவும் செய்ய முடியாத நிலையில இருந்தா என் விசுவாசம் செத்துப்போச்சுன்னு அர்த்தமா?

சிஸ்டர், நீங்க எழுதினதை நிதானமா படிச்சேன். நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு முதல்ல பாத்துக்கோங்க. பல வருஷமா கொயர்ல பாடியிருக்கீங்க, சண்டே ஸ்கூல் எடுத்திருக்கீங்க, பெண்கள் ஜெபக்குழுவையும் நீங்கதான் நடத்திட்டு இருந்தீங்க, அப்புறம் ஒரு ஆபரேஷன், அதுக்கப்புறம் விடாத அசதி, ஒரு வருஷமா எதுலயும் கலந்துக்க முடியல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் வந்து கடைசி வரிசையில உக்காந்துட்டு முடிஞ்சதும் கிளம்பிடுறீங்க. சபையில பொறுப்புல இருக்கிற ஒருத்தர், கிரியை (அதாவது செயல்) இல்லாத விசுவாசம் செத்ததுன்னு சொல்ற யாக்கோபு 2:17ஐ உங்களுக்கு மெசேஜ்ல அனுப்பியிருக்கார், வேற ஒரு வார்த்தையும் எழுதல. அதைப் படிச்சதுல இருந்து தூக்கம் வரலைன்னு சொல்றீங்க. கேள்வியா நீங்க கேட்டது, விசுவாசத்தினால மட்டும்தான் இரட்சிப்புன்னா கிரியைய வச்சு ஏன் இப்படி அளக்கிறாங்க, இதுக்கு சபைக்கே போகாம வீட்டுலயே விசுவாசத்தோட இருந்துட்டா என்ன தப்பு, அப்படின்னு. ஆனா நீங்க எழுதின விதத்தைப் பாத்தா உள்ள இருக்கிற கேள்வி வேற மாதிரி தெரியுது: நான் எதுவும் செய்யாதப்ப இந்த ஜனங்களுக்கு நான் யாரு, கர்த்தருக்கு நான் யாரு? நான் அதுக்குத்தான் பதில் சொல்லப்போறேன், மத்தது எல்லாம் போற வழியில வரும்.

நான் இறையியல் படிச்சவன், பல வருஷமா சபை ஊழியத்துல இருக்கேன், ரோமர், கலாத்தியர், யாக்கோபு மூணையும் திரும்பத் திரும்ப பாடமா எடுத்திருக்கேன். அதனால வசனத்தைப் பத்தி ஓரளவு தைரியமா பேச முடியும். உங்க சபையைப் பத்தியோ அந்த மெசேஜ் அனுப்பினவர் மனசுல என்ன இருந்துச்சுங்கிறதைப் பத்தியோ அப்படிப் பேச முடியாது, நீங்க சொன்ன ஒரு பக்கம் மட்டும்தான் என் கையில இருக்கு. உங்களை உற்சாகப்படுத்துறதா நினைச்சுக்கூட அவர் அனுப்பியிருக்கலாம்.

சந்தேகமே இல்லாத விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். எபேசியர் 2:8, 9 உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கும், "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு", அப்புறம் ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்லன்னு வரும். நிறைய பேர் அங்கயே நிறுத்திடுறாங்க. அடுத்த வசனமான 10ஐயும் சேத்துப் படிச்சாத்தான் பவுல் சொல்ல வந்தது முழுசாகும், நற்கிரியைகளைச் செய்றதுக்காக நாம கிறிஸ்துவுக்குள்ள சிருஷ்டிக்கப்பட்டிருக்கோம்னு அதுல இருக்கு. அப்போ கிரியை இரட்சிப்புக்கு விலையா முன்னால வைக்கிறது கிடையாது, இரட்சிப்பு கிடைச்ச பிறகு அதுல இருந்து வர்றது. இந்த வரிசையை மாத்திட்டா எல்லாமே குழம்பிடும். சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளன் (லூக்கா 23) ஞானஸ்நானம் எடுக்கல, ஒரு கூட்டத்துக்கும் வரல, செஞ்ச தப்பை சரிபண்ணக்கூட அவனுக்கு நேரம் இல்ல, ஆனாலும் இன்னைக்கே என்னோட பரதீசுல இருப்பேன்னு இயேசு அவனுக்கு சொன்னார். இதுல எந்த சபைப் பிரிவுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறதா நான் பாத்ததில்ல.

இனி நான் முக்கியமா சொல்ல நினைக்கிறதுக்கு வர்றேன், இதை சபைகள்ல போதுமான அளவு சொல்றதில்லைங்கிறது என் அபிப்பிராயம். விசுவாசத்தினால நீதிமானாக்கப்படுறது, அதாவது தேவன் ஒருத்தரை நீதிமான்னு ஏத்துக்கிறதுன்னு நாம பேசுற அந்தப் பெரிய உபதேசம் எந்த சூழ்நிலையில எழுதப்பட்டுச்சுன்னு பாருங்க. கலாத்தியர் 2ஆம் அதிகாரம். இடம் அந்தியோகியா, சீஷர்களை முதன்முதலா கிறிஸ்தவர்கள்னு கூப்பிட்ட ஊர், இப்ப துருக்கி நாட்டுல அந்தாக்யான்னு பேரு. அங்க யூத விசுவாசிகளும் புறஜாதியார்ல (யூதர் அல்லாதவங்கள்ல) இருந்து வந்தவங்களும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க, பேதுருவும் அவங்களோட சாப்பிட்டார். எருசலேம்ல யாக்கோபுகிட்ட இருந்து சில பேர் வந்தாங்க. அவங்க வந்ததும் பேதுரு மெல்ல விலகினார், அவரைப் பாத்து மத்த யூதர்களும் விலகினாங்க, பவுலோட சேந்து ஊழியம் செஞ்ச பர்னபாகூட இழுபட்டுப் போயிட்டார்னு பவுல் வருத்தத்தோட எழுதுறார். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, நேத்து வரைக்கும் பக்கத்துல உக்காந்து அப்பத்தைப் பிச்சுக் குடுத்த ஆள் இன்னைக்கு வேற பக்கம் போய் உக்காந்துக்கிட்டார், யாரும் திட்டல, யாரும் வெளிய போன்னு சொல்லல, இடம் மட்டும் மாறிடுச்சு. பவுல் அதை சபை நிர்வாகப் பிரச்சனையா எடுத்துக்கல, சுவிசேஷத்தோட சத்தியத்துக்கே விரோதமா நடக்கிறதுன்னு எல்லார் முன்னாலயும் பேதுருவை எதிர்த்து நின்னார். நியாயப்பிரமாணத்தின் (மோசே மூலமா வந்த சட்டத்தின்) கிரியைகளினாலே எந்த மனுஷனும் நீதிமானாக்கப்படுறதில்லைங்கிற அந்த 16ஆம் வசனம் இந்த சண்டையோட தொடர்ச்சியாத்தான் வருது. அதாவது ஒருத்தன் தனியா ரூம்ல உக்காந்து நான் பரலோகம் போவேனா மாட்டேனான்னு யோசிச்சதுல இருந்து இந்த உபதேசம் புறப்படல, யார் யாரோட ஒரே பந்தியில உக்காரலாம்ங்கிற சபைக் கேள்வியில இருந்து புறப்பட்டுச்சு. நீங்க கடைசி வரிசையில உக்காந்துட்டு அனுபவிக்கிற அந்த விஷயத்தைத்தான் பவுல் அங்க பேசுறார்.

இதுல உறுதியா சொல்ல முடியாததையும் சொல்லிடணும். விருத்தசேதனமுள்ளவங்களுக்கு பேதுரு ஏன் பயந்தார், வந்தவங்க நிஜமாவே யாக்கோபு சொல்லி அனுப்பினவங்களா, பவுல் கண்டிச்சதுக்கு அப்புறம் பேதுரு என்ன பதில் சொன்னார், இதெல்லாம் கலாத்தியர்ல இல்ல. இது அப்போஸ்தலர் 15ல வர்ற எருசலேம் கூட்டத்துக்கு முன்னால நடந்துச்சா பின்னால நடந்துச்சான்னு இன்னைக்கும் அறிஞர்கள் நடுவுல ஒத்த கருத்து கிடையாது. "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்"னு பவுல் எதை சொல்றார்ங்கிறதும் அப்படித்தான். 16ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில சபைச் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தர் வழியில வந்தவங்க, புண்ணியம் சேத்து கடவுள்கிட்ட இடம் வாங்கலாம்னு மனுஷன் பண்ற எல்லா முயற்சியையும் பவுல் இதுல அடக்குறார்னு எடுத்துக்கிட்டாங்க. 1977ல ஈ.பி. சாண்டர்ஸ்ங்கிற புதிய ஏற்பாட்டு அறிஞர் எழுதினதுக்கு அப்புறம், அந்தக் காலத்து யூத மார்க்கத்தை வெறும் புண்ணியக் கணக்கு மதம்னு சொல்றது நியாயம் இல்ல, அவங்களும் தேவன் கிருபையா தங்களைத் தெரிஞ்சுக்கிட்டார்னு நம்பினவங்கதான்னு பலரும் ஒத்துக்கிட்டாங்க, ஜேம்ஸ் டன் மாதிரி அறிஞர்கள் அதுக்கும் ஒரு படி மேல போய், பவுல் குறிப்பா பேசுறது விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் மாதிரி யூதரையும் மத்தவங்களையும் பிரிச்சுக் காட்டுற அடையாளங்களைப் பத்தின்னு வாதம் பண்ணாங்க. எனக்கு ரெண்டு பக்கத்துலயும் உண்மை இருக்கிறதா படுது, ரோமர் 4ல ஆபிரகாமைப் பத்தி பவுல் எழுதும்போது கூலி, கடன்னு பேசுறார், அது வெறும் அடையாளப் பிரச்சனைன்னு சொல்லி முடிச்சிட முடியாது. ஆனா உங்க விஷயத்துக்கு இந்த விவாதம் எப்படி முடிஞ்சாலும் ஒண்ணுதான், ரெண்டு விதமா படிச்சாலும், கிறிஸ்துவைத் தவிர வேற எதையாவது தகுதியா வச்சு சபைக்குள்ள ஒருத்தரைக் கீழ இறக்குறதை பவுல் ஒத்துக்கல. அந்தத் தகுதி விருத்தசேதனமா இருந்தாலும் சரி, கொயர் பிராக்டிஸுக்கு வர்ற அட்டெண்டன்ஸா இருந்தாலும் சரி.

அடுத்து யாக்கோபு. உங்களுக்கு வந்த அந்த வசனத்தை முழு அதிகாரத்தோட ஒரு தடவை படிங்க, முடிஞ்சா இன்னைக்கே. 2ஆம் அதிகாரம் எப்படி ஆரம்பிக்குது தெரியுமா, சபையில யாரை எங்க உக்கார வைக்கிறதுங்கிறதுல ஆரம்பிக்குது. தங்க மோதிரம் போட்டு நல்ல உடுப்போட ஒருத்தன் வர்றான், அழுக்குத் துணியோட ஒரு ஏழை வர்றான், முதல் ஆளுக்கு நல்ல இடம், இந்த ஏழைக்கு நீ அங்கே நில்லு, இல்லாட்டி என் பாதபடியண்டையிலே உட்காரு. இப்படி செஞ்சா நீங்க பட்சபாதம் உள்ளவங்கன்னு சொல்லிட்டு, அதே மூச்சுலதான் கிரியை இல்லாத விசுவாசத்தைப் பத்தி பேசுறார். அப்புறம் அவர் குடுக்கிற உதாரணத்தைக் கவனிங்க: ஒரு சகோதரனோ சகோதரியோ வஸ்திரம் இல்லாம, அன்றாட ஆகாரம் இல்லாம இருக்காங்க, அவங்ககிட்ட சமாதானத்தோடே போங்க, குளிர்காய்ந்து பசியாறுங்கன்னு வாயால சொல்லிட்டு ஒண்ணும் குடுக்காம அனுப்பினா என்ன பிரயோஜனம். இது 15, 16. இதுக்கு அடுத்த வரிதான் 17, "அப்படியே விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்." யாக்கோபு கிரியைன்னு சொல்றது இல்லாதவங்களைத் தாங்குறதை. சபை நிகழ்ச்சிகள்ல பொறுப்பு எடுக்கிறது இந்தப் பகுதியில எங்கயுமே பேச்சுல இல்ல.

இதை வச்சுப் பாத்தா, நீங்க படுத்திருந்த அந்த ஒரு வருஷம் யாக்கோபு 2 கேள்வி கேட்டது உங்க சபையைப் பாத்து. தேவையில இருந்த சகோதரி நீங்கதான். உங்களை யாரு வந்து பாத்தாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக யாரு துணைக்கு வந்தாங்க, வீட்டு வேலையில யாரு கை குடுத்தாங்கங்கிறதுலதான் அந்த சபையோட விசுவாசம் உயிரோட இருக்கா இல்லையாங்கிறது தெரியும், அந்த வசனத்துப்படி. உங்களுக்கு அதே நிருபத்துல ஒரு கடமை எழுதியிருக்கு, அது 5:14ல வருது, "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக". அவ்வளவுதான். வியாதிப்பட்டவங்க ஆள் அனுப்பிக் கூப்பிடணும், மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபம் பண்ணணும். வேலை மூப்பர்களுக்குத்தான் அதிகம். கிரியையைப் பத்தி இவ்வளவு கறாரா எழுதின அதே யாக்கோபு வியாதியா இருக்கிறவங்ககிட்ட எதிர்பாக்கிறது, வாங்கன்னு கூப்பிடுறதை மட்டும்தான், அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு இளகிடும்.

பவுலும் யாக்கோபும் ஒருத்தருக்கொருத்தர் எதிரா எழுதினாங்களான்னு கேட்டிருந்தீங்க. மேலோட்டமா பாத்தா முட்டுற மாதிரிதான் இருக்கு, ரோமர் 3:28ல விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுறான்னு ஒருத்தர், யாக்கோபு 2:24ல விசுவாசத்தினாலே மாத்திரமல்ல கிரியைகளினாலேயும்னு இன்னொருத்தர், ரெண்டு பேரும் அதே ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுறாங்க. லூத்தரே 1522ல புதிய ஏற்பாட்டுக்கு எழுதின முன்னுரையில யாக்கோபு நிருபத்தைத் தாழ்வா மதிப்பிட்டார். யாக்கோபு பவுலோட நிருபங்களைப் படிச்சிருந்தாரா, இல்ல பவுல் சொன்னதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டு திரிஞ்சவங்களுக்கு பதில் எழுதினாரா, இல்ல ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையா, இதை நிரூபிக்க வழி இல்ல. ஆனா ரெண்டு பேரும் எதிர்த்தது எதைன்னு பாத்தா முட்டல் பெருமளவு கரைஞ்சுடும். பவுல் எதிர்க்கிறது நுழைவுக்கு நிபந்தனை போடுறவங்களை. யாக்கோபு எதிர்க்கிறது தேவன் ஒருவர்னு நம்புறேன்னு சொல்லிட்டு பசியா இருக்கிறவனைத் தாண்டிப் போறவங்களை, அந்த அளவுக்குப் பிசாசுகளும் விசுவாசிச்சு நடுங்குதுன்னு அவர் சொல்றது அதுக்குத்தான். பவுலும் கலாத்தியர் 5:6ல "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்"னு எழுதியிருக்கார், அதை யாக்கோபு கையில குடுத்திருந்தா சந்தோஷமா கையெழுத்துப் போட்டிருப்பார்னு எனக்குத் தோணுது.

சபைப் பிரிவுகள் நடுவுல இது எப்படிப் போச்சுன்னும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா உங்க வீட்டுக்காரர் கத்தோலிக்க குடும்பத்துல இருந்து வந்தவர்னு எழுதியிருந்தீங்க. கத்தோலிக்கர்கள் கிரியையால இரட்சிப்புன்னு போதிக்கிறாங்கன்னு நம்ம ஆட்கள் சுலபமா சொல்லிடுவாங்க, அது சரி இல்ல. 1547ல திரெந்து சங்கம்ங்கிற கத்தோலிக்க பிஷப்புகளோட கூட்டம் விசுவாசம் மட்டும் போதும்ங்கிற சீர்திருத்தக்காரங்களோட போதனையை மறுத்துச்சு, உண்மைதான், ஆனா அதே தீர்மானத்தோட முதல் விதியே கிறிஸ்துவோட கிருபை இல்லாம தன் சொந்தக் கிரியையால யாரும் நீதிமானாக முடியாதுன்னுதான் சொல்லுது. 1999 அக்டோபர் 31ல ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரத்துல லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் இந்த விஷயத்துல ஒரு கூட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க, நம்ம தகுதியால இல்லாம கிருபையினால மட்டுமே தேவன் நம்மை ஏத்துக்கிறார்னு ரெண்டு பக்கமும் சேந்து சொன்னாங்க. 2006ல மெதடிஸ்ட் சபைகளும் 2017ல சீர்திருத்த சபைகளோட உலக அமைப்பும் அதுல சேந்துக்கிட்டாங்க. எல்லா வேறுபாடும் தீர்ந்துடல, லூத்தரன் இறையியலாளர்கள்லயே அந்த அறிக்கையை ஏத்துக்காதவங்க உண்டு. ஆனா உங்க குடும்பத்துக்குள்ள இதை வச்சு சண்டை போடத் தேவை இல்லைங்கிற அளவுக்கு விஷயம் நகர்ந்திருக்கு.

மெதடிஸ்ட்னு சொன்னதும் அந்த இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி ஞாபகம் வர்றார், உங்களை மாதிரியே ஓயாம ஓடினவர். ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த காலத்துலயே உபவாசம், சிறைக் கைதிகளைப் பாக்கப் போறது, மணிக்கணக்கு போட்டு ஜெபம்னு கட்டுப்பாடா இருந்தவர், அமெரிக்காவுல ஜார்ஜியா வரைக்கும் ஊழியத்துக்குப் போய் மனசு ஒடிஞ்சு திரும்பி வந்தார். 1738 மே 24 சாயங்காலம் லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு சின்னக் கூட்டத்துக்கு விருப்பமே இல்லாம போனார், அங்க யாரோ ரோமருக்கு லூத்தர் எழுதின முன்னுரையை வாசிச்சுட்டு இருந்தாங்க, அதைக் கேட்டுட்டு இருக்கும்போதுதான் கிறிஸ்து என் பாவத்தையும் எடுத்துப்போட்டார்ங்கிற நிச்சயம் வந்துச்சுன்னு அவரே எழுதியிருக்கார். அதுக்கப்புறம் அவர் வேலையைக் குறைக்கல, இன்னும் அதிகமாத்தான் செஞ்சார், ஆனா கடவுள் என்னை ஏத்துக்கணுமேன்னு செய்யல. எனக்கு இதைவிட அதிகமா பிடிச்சது 1742ல பிரிஸ்டல்ல நடந்தது. ஜெபவீட்டுக் கடனை அடைக்கணும், என்ன வழின்னு பேசினப்ப ஒருத்தர் ஆளுக்கு வாரம் ஒரு பென்னி குடுக்கலாம்னார். எல்லாராலயும் முடியாதே, ரொம்ப ஏழைகள் இருக்காங்களேன்னு கேள்வி வந்துச்சு. அப்ப பென்னி யோசனை சொன்ன அதே ஆள், ரொம்ப ஏழையா இருக்கிற பதினோரு பேரை என் கணக்குல விடுங்க, அவங்க குடுத்தா சரி, குடுக்க முடியலைன்னா அவங்களுக்கும் சேத்து நானே குடுக்கிறேன்னு சொன்னார். வாராவாரம் வீடு வீடா பென்னி வாங்கப் போனவங்க அந்தந்த வீட்டுல என்ன கஷ்டம்னு நேர்ல பாத்தாங்க, அதுல இருந்துதான் மெதடிஸ்ட்காரங்களோட வகுப்புக் கூட்டம்ங்கிற சின்னக் குழு முறை வளந்துச்சு. குடுக்க முடியாதவன் பேரும் கணக்குல இருந்துச்சு, அவனுக்காக இன்னொருத்தர் குடுத்தார். விசுவாசத்தால பிழைக்கிற சபைன்னா எப்படி இருக்கும்னு யாராவது என்கிட்ட கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.

சரி, அப்போ வீட்டுலயே இருந்துடலாமா? இந்த இடத்துல நான் உங்களோட ஒத்துப்போகல. தனியா ஜெபம் பண்ணா கடவுள் கேக்கமாட்டார்ங்கிறதால இல்ல. விசுவாசத்தால வாழ்றதுன்னா வாங்கிக்கிட்டு வாழ்றது, அப்படி வாங்கிக்கிறதுக்கு இன்னொரு ஆள் வேணும். ஞானஸ்நானத்தை எடுத்துக்கோங்க, குழந்தைக்குக் குடுக்கிற சபையா இருந்தாலும் பெரியவங்களுக்குக் குடுக்கிற சபையா இருந்தாலும் யாரும் தனக்குத்தானே குடுத்துக்க முடியாது, இன்னொருத்தர் கை உங்க மேல படணும். திருவிருந்தும் அப்படித்தான், நீங்க கையை நீட்டுறீங்க, ஒருத்தர் வைக்கிறார். (ஞானஸ்நானம், திருவிருந்து மாதிரி சடங்குகளையே அனுசரிக்காத குவேக்கர், இரட்சணிய சேனை மாதிரி சபைகளும் இருக்கு, அவங்களும் தனித்தனியா இருக்கச் சொல்றதில்ல.) படுக்கையில இருந்த ஒரு வயசான அம்மாவுக்கு நான் மாசாமாசம் திருவிருந்து கொண்டுபோவேன். போகும்போதெல்லாம் நான் சபைக்கு ஒண்ணும் செய்யலையே ஐயா, உங்களுக்குத்தான் சிரமம்னு சொல்லுவாங்க. கை நடுங்கும், அப்பம் கீழ விழுந்துடும்னு பயந்து ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணா சேத்துக் குவிச்சு நெஞ்சுகிட்ட வச்சுக்குவாங்க, நான் வச்சதும் விரலை மூடிக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாங்க. கிருபைய வாங்கிக்கிறதுன்னா என்னன்னு நான் எவ்வளவோ பிரசங்கம் பண்ணியிருக்கேன், அந்தக் கையைவிடத் தெளிவா எதுவும் அதைக் காட்டினதில்ல.

இது புதுப் பழக்கமும் இல்ல. 2ஆம் நூற்றாண்டு நடுவுல ரோமாபுரியில இருந்த ஜஸ்டின், பின்னால இரத்த சாட்சியா மரிச்சவர், கிறிஸ்தவங்க ஞாயிற்றுக்கிழமை என்ன செய்றாங்கன்னு ராயனுக்கு விளக்கி எழுதினார். வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் பாத்திரமும், அதுக்கப்புறம் வராதவங்களுக்கு உதவிக்காரர்கள் அவங்க பங்கைக் கொண்டுபோய்க் குடுக்கிறாங்கன்னு சொல்றார். வசதி இருக்கிறவங்க மனசார குடுக்கிற காணிக்கை அநாதைகள், விதவைகள், வியாதியா இருக்கிறவங்க, சிறையில இருக்கிறவங்க, அந்நியர்கள்னு போகுதுன்னும் எழுதியிருக்கார். வராதவங்களை அந்த சபை அட்டெண்டன்ஸ்ல குறிச்சு வச்சு கண்டிக்கல, பங்கை அனுப்பி வச்சுச்சு. எபிரெயர் 10:25ஐ, அதாவது சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள்ங்கிற வசனத்தை, மிரட்டலா பயன்படுத்துறவங்க அதுக்கு முந்தின வசனத்தை மறந்துடுறாங்க, ஒருவரையொருவர் கவனிச்சு அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவிவிடணும்னு அதுல இருக்கு. கவனிக்கிறதுதான் கூடிவர்றதோட நோக்கம்.

உங்களைத் தேத்துறதுக்காக மட்டும் எழுதினா அது நேர்மையா இருக்காது, அதனால ஒண்ணு சொல்றேன். விசுவாசம் குளிர்ந்து போறதும் நடக்கும், அசதியைச் சாக்கா வச்சு ஜனங்களை விட்டு விலகுறதும் நடக்கும். அது எது, உண்மையான பலவீனம் எதுன்னு வெளிய இருந்து பாத்து சொல்ல முடியாது, நான் இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருப்பேன். நான் வழக்கமா கேக்கச் சொல்ற கேள்வி, பொறுப்புக்குத் திரும்பப் போக ஆசை இருக்கான்னு இல்ல. யாராவது கஷ்டத்துல இருக்காங்கன்னு கேள்விப்பட்டா உங்க மனசு அசையுதா? முடியும்போது ஒரு போன் பண்ணத் தோணுதா? அது இருந்தா கிரியை இருக்கு, அது யாருக்கும் தெரியாம இருந்தாலும் சரி. அதுவும் இல்லாம எல்லாமே மரத்துப் போன மாதிரி இருந்தா, தூக்கமும் இல்ல, அழுகையும் அடிக்கடி வருதுன்னு சொல்றீங்க பாருங்க, அதை முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் நீடிக்கிற அசதிக்கும் மனச்சோர்வுக்கும் உடம்புலயே காரணம் இருக்கலாம், ரத்தசோகை, தைராய்டு மாதிரி விஷயங்களை ஒரு ரத்தப் பரிசோதனையில பாத்துடுவாங்க. இதுல எனக்குப் படிப்பு இல்ல, ஆவிக்குரிய பிரச்சனைன்னு முடிவு பண்றதுக்கு முன்னால அதைப் பாத்துடணும்ங்கிறது மட்டும் அனுபவத்துல தெரியும்.

செய்ய வேண்டியதுன்னு பாத்தா, பாஸ்டரைத் தனியா பாத்துப் பேசுங்க, மெசேஜ்ல பேசாதீங்க. புகார் சொல்ற மாதிரி ஆரம்பிக்க வேண்டாம், யாக்கோபு 5:14ஐ வச்சே ஆரம்பிங்க: எனக்கு உடம்பு இன்னும் சரியாகல, மூப்பர்களைக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்து எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேளுங்க. அவங்க வரும்போது அந்த வசனம் வந்ததுல இருந்து தூங்க முடியலைங்கிறதையும் சொல்லுங்க, அனுப்பினவர் பேரை நாலு பேர் முன்னால சொல்ல வேண்டாம், அவர்கிட்ட தனியா பேசுற பொறுப்பை பாஸ்டர்கிட்ட விடலாம். அப்படியும் அவங்க வரலைன்னா, இல்ல வந்து இதையே திரும்ப சொன்னா, வேற சபையைத் தேடுறது பாவம் இல்ல, ஆனா அதை அசதியில இருக்கும்போது ஒரே நாள்ல முடிவு பண்ணாதீங்க. கடைசி வரிசையில உக்காருறதுல ஒண்ணும் தப்பில்ல, ஆனா முடிஞ்சதும் உடனே எழுந்து போகாம ஒரு பத்து நிமிஷம் இருங்க, யாராவது வந்து விசாரிக்கிறதுக்கு ஒரு வாய்ப்புக் குடுங்க. ஏதாவது வேணுமான்னு கேட்டா பரவாயில்லைங்கன்னு சொல்லிடாதீங்க, வேணும்னா வேணும்னு சொல்லுங்க, உங்களுக்கு இப்ப ரொம்பக் கஷ்டமா இருக்கப்போறது அதுதான்னு நினைக்கிறேன், பல வருஷம் குடுத்தே பழகினவங்களுக்கு வாங்கிக்கிறது கூச்சமா இருக்கும்.

கடைசியா, கொயர் லிஸ்ட்ல பேரை வச்சுக்கவா எடுத்துடவான்னு கேட்டிருந்தீங்க. எடுத்துடச் சொல்லுங்க. ஒவ்வொரு வாரமும் வரலைன்னு காரணம் சொல்லிட்டு இருக்கிறதுதான் உங்களை அரிச்சுட்டு இருக்கு. உடம்பு தேறி பாடணும்னு ஆசை வந்தா அன்னைக்குப் போய்க் கேட்டுச் சேந்துக்கலாம், அது வரைக்கும் பாட்டை உக்காந்து கேளுங்க.